கவிழ்த்துப் பார்த்தால் தெரியும் தரம்: ஆதிக் கணுக்காலி மாதிரியுருப் பெட்டி பற்றிய மதிப்பீடு

எங்கள் தனியார் கல்வி நிலையத்தின் உயர்தர உயிரியல் வகுப்புக்காக, ஆதிக் கணுக்காலிகளின் றெசின் மாதிரியுருக்கள் ஐந்தும், அசல் திரைலோபைற்று (மூன்று மடலாக அமைந்த உடலுடன் கடலில் வாழ்ந்து அற்றுப்போன கணுக்காலி) உயிர்ச்சுவடு ஒன்றும், சிறிய ஆங்கிலக் கையேடு ஒன்றும் அடங்கிய பெட்டியொன்றை வெளிநாட்டு இணையக் கடையொன்றிலிருந்து வரவழைத்திருந்தோம். தபாற் செலவையும் சுங்கத் தீர்வையையும் சேர்த்துப் பார்த்தபோது அதன் விலை 20,000 ரூபாவைக் கடந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் ஒரு கல்வி நிலையம் கற்றல் உபகரணம் ஒன்றுக்காக இவ்வளவு தொகையை ஒதுக்குவது அடிக்கடி நடக்கும் காரியம் அல்ல. இதே பெட்டியை வாங்கலாமா என்று வேறு ஆசிரியர்களும் விசாரித்துக்கொண்டிருப்பதால், ஒவ்வொரு மாதிரியுருவும் அவ்விலங்கின் உண்மையான உடலமைப்பை எவ்வளவு தூரம் காட்டுகிறது என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். பெட்டியிலுள்ள மாதிரியுருக்கள் ஒலெனோயிடிஸ், அனொமலோகாரிஸ், ஒபாபினியா, வப்தியா, மரெல்லா ஆகியவை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 1909இல் அமெரிக்க ஆய்வாளர் சார்ள்ஸ் வால்கொற் கண்டறிந்த பேர்ஜஸ் ஷேல் என்ற களிப்பாறைப் படிவுகளே இவை ஐந்துக்கும் புகழ் தேடிக் கொடுத்தன. அப்படிவுகளின் வயது ஏறத்தாழ 508 மில்லியன் ஆண்டுகள்.

இத்தகைய பொருளை மதிப்பிட நான் வைத்துக்கொண்ட அளவுகோல் ஒன்றே: மாதிரியுருவைக் கவிழ்த்து, அதன் வயிற்றுப்புறத்தைப் பார்ப்பது. முதுகுப்புறத்தைச் சரியாகச் செய்வது பெரிய வித்தை அல்ல. திரைலோபைற்றின் முதுகோடு சுண்ணக்கல்லின் கனிமமான கல்சைற்றால் வன்மையடைந்திருந்ததால் அது உலகெங்கும் ஏராளமாக நிலைத்திருக்கிறது. சிற்பி அதைப் பார்த்தே வடித்துவிடலாம். கால்களும் உணர்கொம்புகளும் அவ்வாறு வன்மையடையாதவை. உடல் அழுகும்போதே அவையும் அழிந்துவிடுகின்றன. அதனால்தான் திரைலோபைற்றுகளில் 20,000க்கும் மேற்பட்ட இனங்கள் விவரிக்கப்பட்டிருந்தும், மிகச் சிலவற்றிலேயே கால்கள் தெரியவந்திருக்கின்றன. பேர்ஜஸ் ஷேலைக் காண்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, 1870களில், இதே வால்கொற் நியூயோர்க் மாநிலத்துச் சுண்ணக்கல்லில் சுருண்டு கிடந்த திரைலோபைற்றுகளை மெல்லிய சீவல்களாக அறுத்து, அந்த வெட்டுமுகங்களிலிருந்து கால்களின் அமைப்பை ஊகித்தறிந்தார். 1890களில் அதே மாநிலத்தில், கால்களும் உணர்கொம்புகளும் பைரைற்றுக் கனிமமாக மாறிய, திரையாத்திரஸ் என்ற திரைலோபைற்றின் உயிர்ச்சுவடுகள் வெளிப்பட்டு, அவற்றைச் சார்ள்ஸ் பீச்சர் ஆராய்ந்த பின்னரே வயிற்றுப்புறத்தின் தோற்றம் தெளிவானது. கணுக்காலிகளை ஏனைய விலங்குகளிலிருந்து பிரித்துக்காட்டும் மூட்டுள்ள தூக்கங்கள் (கால், உணர்கொம்பு போன்று உடலிலிருந்து நீளும் உறுப்புகள்) அனைத்தும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. வயிற்றுப்புறத்தைத் தட்டையாக விட்டுவிட்ட மாதிரியுரு அலுமாரியில் வைப்பதற்கு அழகாக இருக்கலாம். வகுப்புக்கு அது உதவாது.

உள்ளூர்க் கற்களிலேயே இவற்றைத் தேட முடியாதா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. முடியாது. குடாநாட்டின் அடியில் இருப்பது மயோசின் காலச் சுண்ணக்கல். அதன் வயது 23 மில்லியன் ஆண்டுகளுக்கு மேற்படாது. திரைலோபைற்றுகளோ 252 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்னர், பேர்மியன் காலத்தின் முடிவில், முற்றாக அற்றுப்போய்விட்டன. கிணறு வெட்டும்போது கிளம்பும் கல்லில் சிப்பியும் முருகைக்கல்லும் கிடைக்கலாம், திரைலோபைற்று கிடைக்க வழியில்லை. இலங்கையின் எஞ்சிய பெரும்பகுதி கேம்பிரியன் காலத்துக்கு, அதாவது இவ்விலங்குகள் வாழ்ந்த காலத்துக்கு, முற்பட்ட உருமாறிய பாறைகளால் ஆனது. அவை பட்ட வெப்பத்திலும் அழுத்தத்திலும் எந்த உடலின் சுவடும் தப்பியிருக்காது. ஆகவே இந்தப் பாடத்துக்கு வெளியிலிருந்து வரும் பொருளையே நாம் நம்பியிருக்க வேண்டும். அது பிழையாக இருந்தால் ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ள நம் கையில் வேறொன்றும் இல்லை.

பெட்டியிலுள்ள ஒரே அசல் உயிர்ச்சுவடு எல்றாதியா கிங்கி. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து வீலர் ஷேலிலிருந்து வணிக அளவில் தோண்டியெடுக்கப்படும் இந்தத் திரைலோபைற்று, கறுத்து, பளபளப்பாக, பாறையிலிருந்து தனியே பிரிந்து வருவதால் உலகெங்கும் மலிவாக விற்கப்படுகிறது. எங்களுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர் நீளமுடையது. தலைத்தகடு, நெஞ்சு, வாற்றகடு என்ற மூன்று பிரிவுகளும், நீளவாக்கில் நடு மடலும் இரு பக்க மடல்களும், நெஞ்சின் 13 துண்டங்களும் கைவில்லையின்றியே தெரிகின்றன. கன்னப் பகுதிகள் இரண்டும் தலையுடன் ஒட்டியே இருப்பது எனக்கு மகிழ்ச்சி தந்தது. தோலுரிக்கும்போது முகத்திலுள்ள தையற்கோடுகள் பிளந்து, புறக்கன்னங்கள் கழன்றுபோவது இவ்வகைத் திரைலோபைற்றுகளின் வழக்கம். கன்னங்கள் இல்லாத எல்றாதியா பெரும்பாலும் கழற்றிவிட்ட சட்டைதான். இதனை மறுபுறம் திருப்பினால் எதுவுமே தெரியாது. முதுகோட்டின் அடியில் கூம்பு கூம்பாகக் கல்சைற்று வளர்ந்து தடித்துவிடுவதே அதற்குக் காரணம். அந்தக் கல்சைற்றுத் தடிப்பினாலேயே அது பாறையிலிருந்து முழுதாகக் கழன்றும் வருகிறது. இது விற்பனையாளரின் குறை அல்ல. உண்மையான கல்லில் முதுகு மட்டுமே மிஞ்சுகிறது என்பதைக் காட்டிவிட்டு, கால்களுக்காக அடுத்த மாதிரியுருவை எடுப்பதற்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது.

அந்த அடுத்த மாதிரியுருவான ஒலெனோயிடிஸ் செறாற்றஸ் என்ற திரைலோபைற்றுதான் இந்தப் பெட்டியின் உயிர்நாடி. முதுகில் ஏழு நெஞ்சுத் துண்டங்களும், வாற்றகட்டின் விளிம்பில் முட்களும் சரியாக உள்ளன, அது எதிர்பார்த்ததே. கவிழ்த்துப் பார்த்தபோதுதான் சிற்பி ஆய்வுக் கட்டுரைகளை உண்மையாகவே படித்திருக்கிறார் என்று தெரிந்தது. தலையின் அடியில் வாய்மூடித் தகடு, அதன் இரு பக்கங்களிலும் இருந்து புறப்படும் ஒரு சோடி நீண்ட உணர்கொம்புகள், அவற்றைத் தொடர்ந்து தலைக்குரிய மூன்று சோடிக் கால்கள், பின்னர் நெஞ்சின் ஒவ்வொரு துண்டத்துக்கும் ஒரு சோடி, வாற்றகட்டின் அடியில் சிறுத்துக்கொண்டே போகும் மேலும் சில சோடிகள், கடைசியில் பின்னோக்கி நீண்ட இரு வாலுணரிகள் என்ற ஒழுங்கு வழுவாமல் அமைந்திருக்கிறது. ஒவ்வொரு காலும் இரு கிளைகள் கொண்டது. உட்கிளை நடப்பதற்கானது, வெளிக்கிளையின் விளிம்பில் மெல்லிய இழைகள் வரிசையாக நிற்கின்றன. இந்த இழைகள் நீந்த உதவினவா, சுவாசிக்க உதவினவா என்று நெடுங்காலம் வாதிட்டனர். திரையாத்திரசிலும் ஒலெனோயிடிசிலும் அவற்றின் நுண்ணமைப்பை ஆராய்ந்து 2021இல் வெளியான ஆய்வு, இழைகளின் குறுக்குவெட்டு இன்றைய ஓட்டுமீன்களான இறால், நண்டு போன்றவற்றின் பூக்களை (செவுள்களை) ஒத்திருப்பதைக் காட்டி, வெளிக்கிளை சுவாசப் பூவே என்று முடிவு கூறியது. மாதிரியுருவில் இழைகள் ஒவ்வொன்றாகப் பிரித்து வடிக்கப்பட்டிருப்பதால் இதை மாணவருக்கு விரலால் தொட்டுக் காட்டலாம்.

இதனினும் முக்கியமானது கால்களின் அடித்துண்டம். உடலின் நடுக்கோட்டை நோக்கிய அதன் உள்விளிம்பு முட்களால் நிறைந்திருக்கிறது. திரைலோபைற்றுக்கு இறாலைப் போன்ற தாடை கிடையாது. கால்கள் அசையும்போது எதிரெதிரான அடித்துண்டங்கள் இரையைக் கிழித்து நொறுக்கி, நடுவிலுள்ள பள்ளத்தின் வழியே முன்னோக்கித் தள்ளுகின்றன. வாய்மூடித் தகட்டின் பின்புறத்தில், பின்னோக்கித் திறந்திருக்கும் வாய் அதைப் பெற்றுக்கொள்கிறது. நடக்கும் உறுப்பே மெல்லும் உறுப்பாகவும் இருந்தது, உணவு பின்னிருந்து முன்னாகப் போயிற்று என்ற இரண்டு செய்திகளையும் கரும்பலகையில் படம் வரைந்து விளக்க நான் முன்பு பெரும்பாடு பட்டிருக்கிறேன். இந்த மாதிரியுருவைக் கையில் கொடுத்தால் மாணவரே கண்டுபிடித்துவிடுகிறார்கள். குறை என்று சொல்லத்தக்கது ஒன்று உண்டு. ஒலெனோயிடிசின் பின்பகுதிக் கால்களிற் சில, இனப்பெருக்கத்தின்போது பெண்ணைப் பற்றிக்கொள்வதற்கு ஏற்றவாறு உருமாறியிருந்தன என்று 2022இல் ஓர் ஆய்வு வெளியானது. மாதிரியுருவில் அத்தகைய கால்கள் இல்லை. இது பெண் விலங்கு என்று சிற்பி வாதிட்டால் நான் மறுத்துப் பேச முடியாது.

அனொமலோகாரிஸ்தான் பெட்டியின் முகப்புப் படத்தில் இருப்பது, ஏமாற்றமும் அதுவே. இவ்விலங்கின் வரலாறு துண்டு துண்டாக வந்தது. முன்புறப் பற்றுறுப்பை மட்டும் கண்ட ஆய்வாளர் வைற்றீவ்ஸ், 1892இல் அதை இறால் போன்ற ஒரு விலங்கின் உடல் என்று கருதிப் பெயரிட்டார். வட்டமான வாயைத் தனியாகக் கண்ட வால்கொற் அதை ஒரு சொறிமுட்டை (ஜெலிமீன்) என்று எண்ணிப் பெயிற்றோயா என்று பெயரிட்டார். இவை ஒரே வகை விலங்கின் உறுப்புகள் என்று ஆய்வாளர்களான விற்றிங்ரனும் பிறிக்சும் 1985இல் நிறுவினர். ஆனால் அதற்குப் பின்னரும் ஒரு திருத்தம் வந்தது. அன்னாசி வட்டம் போல 32 தகடுகள் சூழ, அவற்றுள் நான்கு பெரிதாக அமைந்த வாய், பெயிற்றோயா என்றே இன்று அழைக்கப்படும் நெருங்கிய உறவு விலங்கொன்றுக்கு உரியது. அனொமலோகாரிஸ் கனடென்சிசின் வாயிலோ மூன்று பெரிய தகடுகளும், இடையிடையே ஒழுங்கற்ற சிறு தகடுகளும் மடிப்புகளும் இருந்தன என்று டேலியும் பேர்க்ஸ்ரொமும் 2012இல் காட்டினர். எங்கள் மாதிரியுருவைக் கவிழ்த்தால் அந்தப் பழைய 32 தகட்டு வட்டமே அச்சொட்டாக இருக்கிறது. தகடுகள் அத்தனை நேர்த்தியாக வடிக்கப்பட்டிருப்பதுதான் இன்னும் வருத்தம்.

வாயைத் தவிர்த்துப் பார்த்தால் உருவம் மோசமில்லை. பற்றுறுப்பின் துண்டங்களில் முட்கள் நீளமும் குட்டையுமாக மாறி மாறி அமைந்திருக்கின்றன. காம்பின் மீது கண்கள் நிற்கின்றன. பக்கங்களில் செட்டைகளும் முடிவில் வால் விசிறியும் உள்ளன. உடலின் அடியில் நடக்கும் கால்கள் வைக்கப்படவில்லை, அது சரியே. இங்குதான் ஆசிரியர் நின்று பேச வேண்டிய செய்தி உண்டு. அனொமலோகாரிசின் உடல் மென்மையானது. வன்மையடைந்து மூட்டுகளாகப் பிரிந்திருப்பது தலையின் முன்னுள்ள அந்த ஒரு சோடித் தூக்கமே. அதே வேளையில் கூட்டுக்கண் முழு வளர்ச்சி அடைந்திருந்தது: தென் அவுஸ்திரேலியாவின் ஈமு பே ஷேலிலிருந்து 2011இல் விவரிக்கப்பட்ட, ஏறத்தாழ 3 சென்ரிமீற்றர் அகலமான கண்களில் 16,000க்கும் மேற்பட்ட வில்லைகள் இருந்தன. கணுக்காலிக்குரிய இயல்புகள் உடல் முழுவதிலும் ஒரே நேரத்தில் தோன்றாமல், தலையிலிருந்து தொடங்கியிருக்கலாம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் விலங்கு குறைவு. கையேடு இதைப் பற்றி ஒரு வரி கூட எழுதாமல், “திரைலோபைற்றுகளை நொறுக்கித் தின்ற 1 மீற்றர் அரக்கன்” என்ற பாணியில் இரண்டு பக்கங்களை வீணாக்கியிருக்கிறது. அண்மைய மதிப்பீடுகள் பேர்ஜஸ் ஷேல் விலங்கின் உடல் நீளத்தை 40 சென்ரிமீற்றருக்கு உட்பட்டதாகவே கொள்கின்றன. பற்றுறுப்பின் வலிமையைக் கணித்த 2023ஆம் ஆண்டு ஆய்வு, அது வன்மையான ஓட்டை உடைப்பதற்கு அல்ல, நீரில் நீந்தும் மென்மையான இரையைப் பிடிப்பதற்கே ஏற்றது என்று கூறுகிறது.

ஒபாபினியாவைப் பற்றி நடுநிலையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஐந்து கண்கள், நுனியில் முட்கள் கொண்ட பற்றும் நீண்ட தும்பிக்கை, தலையின் அடியில் பின்னோக்கிய வாய் ஆகிய அனைத்தும் உள்ளன. விற்றிங்ரன் தமது மீளமைப்பை 1972இல் ஒக்ஸ்போர்ட்டில் நடந்த கூட்டமொன்றில் காட்டியபோது அவையோர் சிரித்தார்களாம். எங்கள் வகுப்பிலும் அதே வரவேற்புத்தான். சிக்கல் அடியில் இருக்கிறது. செட்டைகளின் கீழ் குட்டையான, மூட்டற்ற கால்களைச் சிற்பி வரிசையாக வைத்திருக்கிறார். குடலின் இரு பக்கங்களிலும் தெரியும் முக்கோண வடிவங்களைக் கால்களின் உட்குழி என்று பட் 1996இல் விளக்கினார்; அவை குடலின் பக்கப் பைகளே என்று ஷாங்கும் பிறிக்சும் 2007இல் மறுத்தனர்; 2012இல் பட், டேலியுடன் சேர்ந்து, தமது கருத்தை மீண்டும் வலியுறுத்தினார். விவாதத்தில் ஒரு பக்கத்தைச் சிற்பி தேர்ந்தெடுத்தது தவறல்ல. தேர்ந்தெடுத்தோம் என்று கையேட்டில் சொல்லாமல் விட்டதே தவறு. றெசினில் வார்த்த எதையும் மாணவர் உறுதியான உண்மையாகவே எடுத்துக்கொள்வர்.

யாழ்ப்பாணத்து வகுப்பறைக்கு மிகவும் பொருந்துவது வப்தியாதான். மேலோட்டமாகப் பார்த்தால் அது இறாலே: காம்புள்ள கண்கள், முன்னுடலை மூடிய இருமடல் ஓடு, துண்டங்களான வயிறு, விரிந்த வால். குருநகர்ச் சந்தையில் வாங்கிய இறாலைப் பக்கத்தில் வைத்து, அதன் தூக்கங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, கடதாசியில் வரிசையாக ஒட்டிக்கொண்டே மாதிரியுருவுடன் ஒப்பிடச் செய்தால் ஒரு முழுச் செய்முறை வகுப்பு தானாகவே அமைந்துவிடும். வப்தியாவின் ஓட்டைத் தனியே கழற்றக்கூடியதாக அமைத்திருப்பதற்குத் தயாரிப்பாளரைப் பாராட்டத்தான் வேண்டும். ஓட்டைத் தூக்கினால் தலையின் அடியில் ஒரு சோடித் தாடைகள் தெரிகின்றன. 2018இல் வெளியான விரிவான மீளாய்வு வப்தியாவுக்குத் தாடைகள் இருந்தன என்று காட்டி, அதை இறால், நண்டு, பூச்சி, மட்டைத்தேள், பூரான் ஆகியவை அடங்கிய தாடையுடைய கணுக்காலிகளின் கிளையில் சேர்த்தது. ஒலெனோயிடிசின் மெல்லும் கால்களையும் வப்தியாவின் தாடையையும் இறாலின் தாடையையும் ஒரே மேசையில் வைக்கும்போது, முன்னொரு காலத்தில் காலாக இருந்த ஒன்று வாயுறுப்பாக மாறிய கதையை நீண்ட விரிவுரை இல்லாமலே சொல்லிவிடலாம்.

ஆனால் இறாலைப் பார்த்தே சிற்பி சில இடங்களை நிரப்பியிருக்கிறார் என்ற சந்தேகம் எழாமல் இல்லை. மாதிரியுருவில் உணர்கொம்புகள் இரண்டு சோடி. இறாலுக்கு அது சரி. குட்டையான முதற் சோடியும் உடலைவிட நீண்ட இரண்டாம் சோடியும் அதற்கு உண்டு. வப்தியாவின் உயிர்ச்சுவடுகளிலோ நீண்ட ஒரு சோடியே தெளிவாகக் காணப்படுகிறது. இரண்டாம் சோடி இருக்க வேண்டிய துண்டத்தில் தூக்கங்கள் இல்லை. எங்களுடையதில் அந்த மிகையான சோடியைச் சிறு கத்தியால் வெட்டியெடுத்து, தழும்பில் வர்ணம் பூசிவிட்டோம். மேலும், வப்தியாவின் ஓட்டின் உட்புறத்தில் முட்டைகள் ஒட்டியிருந்ததை உயிர்ச்சுவடுகளே காட்டியிருக்கும்போது, கழற்றக்கூடிய ஓட்டின் உள்பக்கத்தை வழுவழுப்பாக விட்டது நல்ல வாய்ப்பொன்றைத் தவறவிட்டதாகவே படுகிறது. நமது சந்தை இறால் முட்டையைச் சுமப்பதில்லை, நீரிலேயே விட்டுவிடுகிறது. நண்டுதான் வயிற்று மடலின் அடியில் சுமக்கிறது. சினை நண்டைக் கண்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு 508 மில்லியன் ஆண்டுகளுக்கு முந்திய சினையைக் காட்டியிருந்தால் எவ்வளவு பொருத்தமாக இருந்திருக்கும்.

மரெல்லாவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பேர்ஜஸ் ஷேலில் 25,000க்கும் மேற்பட்ட மாதிரிகள் சேகரிக்கப்பட்ட, 2 சென்ரிமீற்றர் அளவான இந்தச் சிறு விலங்கின் தலைக் கவசத்திலிருந்து பின்னோக்கி வளையும் இரண்டு சோடிக் கொம்புகள் மெல்லிய றெசினில் அழகாக வந்திருந்தன. பொதி யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது அவற்றில் ஒரு சோடி ஒடிந்துபோயிருந்தது. உடனொட்டிப் பசையால் சரிசெய்தோம். கால்கள் மிக நெருக்கமாக இருப்பதால் அடியில் தூரிகை கூடப் புகாது. நமது ஊர்த் தூசி ஒருமுறை படிந்தால் படிந்ததுதான்.

பெட்டி முழுவதற்கும் பொதுவான குறை அளவுவிகிதம். ஐந்து மாதிரியுருக்களும் ஏறத்தாழ ஒரே நீளமாக, உள்ளங்கையில் அடங்குமாறு செய்யப்பட்டிருக்கின்றன. அனொமலோகாரிஸ் சுருக்கப்பட்டது, மரெல்லா பலமடங்கு பெருப்பிக்கப்பட்டது என்ற செய்தி பெட்டியிலும் இல்லை, மாதிரியுருவின் அடியிலும் பொறிக்கப்படவில்லை. தடித்த அட்டையில் உண்மை நீளத்தில் நிழலுருக்களை வெட்டி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறோம். இதை ஒரு தாளில் அச்சிட்டுத் தர விற்பனையாளருக்குப் பெரிய செலவு வந்திராது. வர்ணங்கள் அனைத்தும் கற்பனையே என்பதையும் மாணவருக்கு நாமே சொல்ல வேண்டும். கண்களைப் பற்றிய பாடத்துக்கு இப்பெட்டி போதாது. பேகொப்ஸ் வகைத் திரைலோபைற்றின் கல்சைற்று வில்லைகள் கைவில்லையிலேயே எண்ணத்தக்க அளவு பெரியவை என்பதால், அப்படியொன்றைத் தனியே வாங்கிக்கொள்வது நல்லது. ஆனால் சந்தைக்கு வரும் மொரோக்கோத் திரைலோபைற்றுகளில் ஒட்டுவேலையும் வார்ப்பும் மலிந்திருப்பதால், மேற்பரப்பில் காற்றுக் குமிழித் துளைகள் உள்ளனவா என்று படத்தைப் பெருப்பித்துப் பார்த்த பின்னரே பணம் செலுத்த வேண்டும்.

ஒடிந்த கொம்புகளுக்காக விற்பனையாளர் மரெல்லாவின் விலையில் ஒரு பகுதியைத் தயக்கமின்றித் திருப்பித் தந்தார். அந்த வகையில் சேவை நேர்மையானது. அனொமலோகாரிசின் வாயைப் பற்றி எழுதிக் கேட்டதற்கு, அச்சு பழையது, அதை மாற்றும் எண்ணம் இப்போதைக்கு இல்லை என்று பதில் வந்தது. மாதிரியுருக்களைத் தனித்தனியாகவும் விற்கிறார்கள். ஒலெனோயிடிசையும் வப்தியாவையும் மட்டும் தெரிவுசெய்து, எல்றாதியாவையும் சேர்த்துக்கொண்டால் முழுப் பெட்டியின் விலையில் பாதிக்குச் சற்று மேலேதான் வரும். பொதியும் சிறிதாகிவிடுவதால் தபாற் செலவு குறையும். ஒலெனோயிடிசின் உணர்கொம்புகளுக்குத் தனியாகப் பஞ்சுறை வைக்கும்படி கட்டளையிலேயே குறிப்பிட மறக்க வேண்டாம்.